ஈயக்குட்டைகளின் நகரில் தண்ணீர்க் கணக்கு

கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் வடக்கே வருபவருக்கு தாப்பா ரோடு தாண்டியதும் நிலம் மாறுவது தெரியும். கம்பாருக்கும் பத்து காஜாவுக்கும் நடுவே தண்டவாளத்தின் இருபக்கமும் தண்ணீர்தான். ஓரிடத்தில் பச்சை, அடுத்த இடத்தில் நீலம், இன்னோரிடத்தில் தாமரை மூடிய கரும்பரப்பு. புதியவர்கள் ஏரி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அவை ஈயக்குட்டைகள். நூறு ஆண்டுக்கு மேலாக ஈயம், அதாவது வெள்ளீயம், தோண்டிய பள்ளங்களில் மழை நிரம்பி நின்றவை. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது தோண்டியவர்கள் போய்விட்டார்கள், குட்டைகள் மட்டும் தங்கிவிட்டன. இந்தக் குட்டைகளைத் தாண்டித்தான் ரயில் ஈப்போவுக்குள் நுழைகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் அது. சென்னைக்குக் கிடைப்பது 1,400 அளவுதான். அப்படிப்பட்ட ஊரில் தண்ணீரைச் சேமியுங்கள் என்று பலகை வைத்தால் கேட்பவர் சிரிக்கத்தானே செய்வார்?

சிரிப்பில் நியாயம் உண்டு, ஆனால் அது பாதி நியாயம். ஈப்போவின் பழைய நகரையும் புதிய நகரையும் பிரித்து ஓடும் கிந்தா ஆற்றின் கரையில் மாலையில் வண்ண விளக்கு மரங்கள் எரிகின்றன. எல்இடி தெருவிளக்கு, மரம் நடுவிழா, நெகிழிப்பை ஒழிப்பு, கரிம அளவைக் குறைக்கும் திட்டங்கள் என்று மலேசிய ஊராட்சி மன்றங்கள் எல்லாம் பேசும் பசுமை மொழியை ஈப்போ மாநகர் மன்றமும் பேசுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வாதம் வேறு. இந்த நகரத்துக்குத் தண்ணீர்ச் சிக்கனம் என்பது முதலில் நிலத்தைப் பற்றிய கேள்வி. வானம் தருவதில் குறைவில்லை. வந்ததைப் பிடித்து வைக்கும் இடங்களைத்தான் ஊர் ஒவ்வொன்றாக இழந்து வருகிறது. குட்டையும் மலையடிவாரமும் பழைய ரப்பர் தோட்டமும்தான் அந்த இடங்கள். அவற்றின் தலையெழுத்து எழுதப்படுவது கட்டட அனுமதிக் கோப்பில். அந்தக் கோப்பு இருப்பது நகரத் தலைவர்களின் மேசையில்.

இழப்பின் கதையை ஈயத்திலிருந்தே தொடங்க வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தது மண்வெட்டியால் மட்டுமல்ல, தண்ணீராலும்தான். மலைச்சரிவில் நீரைப் பீச்சியடித்து மண்ணை உடைத்தார்கள். அந்தச் சேற்றைக் குழாயில் மேலே ஏற்றி, பாலோங் என்ற நீண்ட மரத்தொட்டியில் சரிவாக ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தார்கள். கனமான ஈயம் தொட்டியில் தங்கியது. மிஞ்சிய மணலும் சேறும் ஆற்றுக்குப் போயின. ஆற்றுப்படுகை மேடானது. சேறு ஆற்றை என்ன செய்யும் என்பதற்கு பக்கத்து மாநிலமான சிலாங்கூரின் கோலகுபுவே சாட்சி. சுரங்க மண் சேர்ந்து ஆறு உயர்ந்து, வெள்ளம் ஓயாமல் வந்து, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த ஊரையே வேறிடத்துக்கு மாற்றினார்கள்.  பேராக்கிலும் 1926 டிசம்பர் பெருவெள்ளம் பேராக் ஆற்றங்கரை ஊர்களை மூழ்கடித்தது இன்றும் பேசப்படுகிறது. பத்து காஜாவிலிருந்து தெற்கே போனால் தஞ்சோங் துவாலாங் அருகே ஈயக் கப்பல் ஒன்று நிற்கிறது. 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய, 4,500 டன் எடையுள்ள இரும்பு மாளிகை. தான் தோண்டிய குளத்தில் தானே மிதந்து, முன்னால் மண்ணை அள்ளிப் பின்னால் கொட்டிக்கொண்டு நகர்ந்தது அது. பார்வையாளர்கள் கப்பலைப் பார்க்கப் போகிறார்கள். அதைச் சுற்றியுள்ள தண்ணீரைப் பார்ப்பதுதான் நம் வேலை. யாரும் திட்டமிடாமல், யாரும் செலவு செய்யாமல், ஈப்போவுக்கும் அதன் தெற்குக்கும் கிடைத்த நீர்த்தேக்கங்கள் அவை.

குட்டையைப் போலவே தோட்டமும் மண்ணைக் கெடுத்துத்தான் தொடங்கியது. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்றின் மரம் அங்கே மாவட்ட அலுவலகத்தருகே இன்னும் நிற்கிறது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் பேராக்கின் தாழ்ந்த குன்றுகள் முழுக்கப் பால்மரமாயின. காட்டை அழித்து நட்டவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அந்தக் காலத் துரைமார்களுக்கு மரத்தடியில் ஒரு புல்லும் முளைக்கக் கூடாது. தோட்டம் துடைத்துவிட்டதுபோல் இருந்தால்தான் நல்ல தோட்டம் என்று பெயர். பெண்களும் பிள்ளைகளும் நாள் முழுக்கக் களை பிடுங்கினார்கள். மழை வந்து மேல்மண்ணை அடித்துக்கொண்டு போனது. அந்தத் தவறு உணரப்பட்டு, மண்மூடும் கொடிப்பயிர்களை மரங்களுக்கிடையே வளர்ப்பது பின்னர்தான் வழக்கமானது. கொடி படர்ந்த முதிர்ந்த பால்மரத் தோட்டம் காட்டுக்கு ஈடாகாது. ஆனாலும் விழுந்த மழையில் பெரும்பகுதியை மண்ணுக்குள் இறக்கியது, ஓடைகளை ஆண்டு முழுக்க ஓடவிட்டது. லயத்து மக்கள் குளித்ததும் துவைத்ததும் அந்த ஓடைகளில்தான்.

பிறகு வந்தது துண்டாடல். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது அவை சிறு சிறு துண்டுகளாயின. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். நில உரிமையைப் பற்றிய அவருடைய கவலை தண்ணீருக்கும் பொருந்தும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஒரே கையில் இருந்த தோட்டத்தில் மலையுச்சி முதல் ஓடைக்கரை வரை ஒரு நிர்வாகம் இருந்தது. கொடுமையான நிர்வாகமாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் வடிகாலைத் தூர்வாருவது யார் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. தொழிலாளிக்குக் குடிநீர் தருவது முதலாளியின் கடமை என்று சட்டமும் சொன்னது. தோட்டம் செம்பனையாகி, செம்பனை தாமான் என்ற வீட்டுக் குடியிருப்பாகியபோது அந்தக் கடமை மூன்று நான்கு அலுவலகங்களுக்குப் பிரிந்தது. இன்று ஈப்போவில் குழாய்த் தண்ணீர் பேராக் நீர் வாரியத்தின் பொறுப்பு. ஆறு, வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பு. கழிவுநீருக்கு இன்னொரு நிறுவனம். வீட்டு வாசல் கால்வாய்க்கு மாநகர் மன்றம். மழைக்கு இந்த எல்லைகள் தெரியாது.

தாமான் எழும்போது நடப்பது எளிய கணக்கு. தோட்டத்து மண் குடித்த மழையைக் கூரையும் தாரும் சிமெண்டும் குடிப்பதில்லை. அது நிமிடங்களில் கால்வாய்க்கு வந்து, கால்வாயிலிருந்து ஆற்றுக்குப் பாய்கிறது. மேற்கே கிளேடாங் மலையடியில் வீடுகள் பெருகினால் அதன் விலையைக் கீழே பாரி ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். அந்தக் கரையில் இருக்கிறது புந்தோங், கச்சான் பூத்தே வணிகத்துக்குப் பேர்போன தமிழர் குடியிருப்பு. மலேசியா இதை அறியாமல் இல்லை. பெய்த மழையை விரைந்து வெளியேற்றும் பழைய முறையை விட்டு, பெய்த இடத்திலேயே பிடித்து மெல்ல விடும் முறைக்கு மாற வேண்டும் என்று நகர மழைநீர் மேலாண்மைக் கையேடு 2001 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. 2012-இல் திருத்தப் பதிப்பும் வந்தது. புதிய குடியிருப்புகளில் தேக்கக் குளம் வெட்டுவது அதனால்தான். வெட்டப்படும் குளங்கள் பலவற்றின் கதி என்ன? கம்பி வேலிக்குள் புல் மண்டிக் கிடக்கும் ஒரு சதுரம். விற்பனைப் படத்தில் அது ‘ஏரிக்கரைப் பூங்கா’. இதில் என்னை வியக்க வைப்பது ஒன்றுதான். முன்பே இருந்த ஈயக்குட்டையை மண் கொட்டி மூடிவிட்டு, அதே நிலத்தின் மூலையில் காசு செலவழித்துச் சிறு குட்டை ஒன்றை வெட்டுகிறோம்.

மழைக்குக் குறைவில்லாத ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்பதுதான் முதல் மறுப்பு. இதற்குப் பதில் சென்னையில் இருக்கிறது. 2015 டிசம்பரில் அந்நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டு கழித்து, 2019 கோடையில், அதற்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு தண்ணீர் ரயிலில் வந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நீர் நின்ற இடங்களில் வீடுகள் நின்றதால், வந்த மழை தங்கவில்லை. மழையளவு காப்பாற்றாது என்பதற்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பேராக்கின் வடமேற்கு மூலையில் புக்கிட் மேரா ஏரி இருக்கிறது. கிரியான் வட்டார நெல் வயல்களுக்காக 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. மலேசியாவின் மிகப் பழைய நீர்த்தேக்கம். எல் நினோ தாக்கிய 2016-இல் அதன் நீர்மட்டம் சரிந்து, உழவர்கள் நடவுக்குத் தவித்தார்கள். அதே ஏரி குடிநீருக்கும் தர வேண்டும். இதற்கிடையில் பக்கத்து மாநிலமான பினாங்கு, தன் நீரில் பெரும்பகுதிக்கு மூடா ஆற்றையே நம்பியிருப்பதால், பேராக் ஆற்று நீரைக் கேட்டுப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது; பேராக்கோ பச்சைத் தண்ணீரைத் தர முடியாது, சுத்திகரித்ததை விற்கலாம் என்கிறது. விற்பனைக்குப் பேரம் பேசும் அளவுக்குத் தண்ணீர் மதிப்பேறிவிட்ட மாநிலத்தின் தலைநகரம், தன் எல்லைக்குள் பெய்வதை வழிய விடுவது எந்தக் கணக்கில் சேரும்?

வீட்டில் வீணாக்குபவர்களைத் திருத்தினால் போதுமே என்பது இரண்டாவது மறுப்பு. மலேசியர் ஒருவர் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் புழங்குகிறார், அது அதிகம்தான். விலையும் ஒரு காரணம். ஆயிரம் லிட்டர் குழாய்த் தண்ணீரின் விலை ஒரு கோப்பை தே தாரேக்கின் விலைக்கும் கீழே நெடுங்காலம் இருந்தது. 2024 பிப்ரவரியில் வீட்டுக் கட்டணம் கனமீட்டருக்குச் சராசரி 22 சென் உயர்ந்தபோது எழுந்த முணுமுணுப்பு அந்தத் தொகைக்குப் பெரிது. ஆனால் சுத்திகரித்து அனுப்பும் நீரில் நாடு முழுக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பணமாகாமல் போகிறது. திருட்டும் பழுதான மீட்டரும் ஒரு பகுதி, பழைய அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்களின் கசிவு பெரும் பகுதி. வழியிலேயே இத்தனை ஒழுகும்போது குளியலறைக் குழாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது.

இந்த இடத்தில் ஈப்போவுக்கு வேறு எந்த மலேசிய நகரத்துக்கும் இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. 1989 முதல் அதன் உடன்பிறப்பு நகரம் ஜப்பானின் ஃபுக்குவோக்கா. பெரிய ஆறு இல்லாத நகரம் அது. 1978-இல் தொடங்கிய வறட்சியில் 287 நாள்கள் தண்ணீர் விநியோகத்தைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. அந்த அடிக்குப் பிறகு நகர நிர்வாகம் பிரசாரத்தோடு நிற்கவில்லை. 1980 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெரிய கட்டடங்களின் கழிப்பறைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, நகரம் முழுக்கக் குழாய்களின் அழுத்தத்தை ஒரே அறையிலிருந்து கண்காணித்து வால்வுகளைத் திருகும் கட்டுப்பாட்டு மையம் திறந்தது. அழுத்தம் சீராக இருந்தால் குழாய் வெடிப்பது குறையும், கசிவும் குறையும். இன்று அங்கே கசிவு இரண்டு சதவீத அளவில் இருக்கிறது. 1994-இல் மீண்டும் வறட்சி வந்து 295 நாள்கள் கட்டுப்பாடு நீடித்தது; ஆனால் மக்கள் பட்ட பாடு முன்னதைவிடக் குறைவு. பஞ்சம் கற்றுக்கொடுத்த பாடத்தைப் பஞ்சம் வராத ஊர் கற்காது என்று சொல்வார்கள். உடன்பிறப்பு உறவு எதற்கு? டி. ஆர். சீனிவாசகம் பூங்காவில் ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது, பார்க்க அழகுதான். குழாய் அழுத்தப் பொறியாளர்கள் வந்து போனால் இன்னும் அழகாக இருக்கும்.

குட்டைத் தண்ணீரில் ஆர்சனிக் போன்ற கன உலோகங்கள் கலந்திருக்கலாம், அதை எப்படி நம்புவது என்பது மூன்றாவது மறுப்பு. எல்லாவற்றிலும் கனமானது இதுதான். 2014 வறட்சியில் சிலாங்கூர் அரசு பழைய ஈயக்குட்டை நீரை ஆற்றில் இறைத்து விட்டபோது இதே அச்சம் எழுந்து பெரிய சர்ச்சையானது. அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஒவ்வொரு குட்டையையும் சோதிக்காமல் குடிநீருக்குக் கை வைக்கக் கூடாது. ஆனால் குட்டையைக் காப்பாற்ற அதைக் குடித்தாக வேண்டியதில்லை. மாநகர் மன்றத்தின் பூங்காக்களுக்குப் பாய்ச்சவும், சாலை கழுவவும், சந்தைகளைக் கழுவவும் இன்று போவது பெரும்பாலும் சுத்திகரித்த நீர். சோதனையில் தேறிய குட்டைகள் அந்த வேலையை ஏற்கலாம். தேறாதவையும் அடைமழை நாளில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். அதற்குத் தூய்மை தேவையில்லை. சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே குனோங் லாங் பூங்காவும் பத்து காஜாவின் கிந்தா இயற்கைப் பூங்காவும் ஈயக்குட்டைகளை வைத்தே உருவானவை. ஒன்றில் மக்கள் படகேறுகிறார்கள், மற்றதில் நாரைகள் கூடு கட்டுகின்றன. மூடியிருந்தால் இரண்டும் இல்லை.

கட்டுப்பாடு போட்டால் யார் கேட்பார்கள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்குத் தோட்டத்திலிருந்தே ஒரு சான்று. ரப்பர் ஆலைக் கழிவும் செம்பனை ஆலைக் கழிவும் 1970-களில் ஆறுகளைக் கருக்க வைத்தன. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனைக்கும் 1978-இல் ரப்பருக்கும் தனி விதிகள் வந்தன. செம்பனை ஆலைகள் வெளியேற்றும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையின் வரம்பு 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம். படிப்படியாக இறக்கி 1984-இல் 100 ஆக்கினார்கள். இது தொழிலை அழித்துவிடும் என்ற பேச்சு அன்றும் இருந்தது. செம்பனை அழியவில்லை, பெருகியது. முன்கூட்டியே சொல்லி, ஆண்டுக்காண்டு இறுக்கி, உரிமத்தோடு கட்டிப்போட்டதால் அந்த விதி நடந்தது. கூரை 100 சதுர மீட்டருக்கு மேலுள்ள புதுத் தனி வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டி வேண்டும் என்று கட்டட விதி இருக்கிறது; தமிழ்நாடு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. தொட்டி வைத்ததைப் படம் பிடித்துக் கோப்பில் சேர்ப்பதோடு நின்றால் இரண்டுமே காகிதம்தான். ஆலை உரிமத்தைப்போல ஆண்டுதோறும் சோதித்தால் அது வேறு கதை.

இனி அதிகாரம். தண்ணீர் மாநில வாரியத்திடம், ஆறு துறையிடம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று மன்ற உறுப்பினர்கள் சொல்லக்கூடும். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் ஊராட்சி மன்றத்தைத் திட்டமிடும் அதிகாரியாக்கியிருக்கிறது. எந்த நிலத்தில் எது எழலாம் என்பதில் அதன் கையெழுத்து வேண்டும். ஆகவே அதிகாரம் இல்லை என்பது சரியல்ல. அதைப் பயன்படுத்தும் துணிவு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஈப்போ இதை நன்றாகவே அறியும். சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி தேர்தலில் வென்று இந்நகராட்சியை நடத்திய காலத்தில் நாட்டின் மிகத் தூய்மையான நகரம் என்ற பெயர் ஈப்போவுக்கு இருந்தது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், தேர்தல் மீண்டும் வேண்டும் என்று 1968-இல் அறிக்கை தந்தது. 1976-இன் ஊராட்சிச் சட்டம் அந்த வாசலை மூடியது. அன்றிலிருந்து டத்தோ பண்டார் என்ற மேயரும் உறுப்பினர்களும் நியமனம்தான். நியமிக்கப்பட்டவர்கள் நல்லவர்களாகவும் இருக்கலாம். ஆனால் மன்றத்தின் வருவாய் கட்டடங்கள் கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்து வருகிறது. குட்டை வரி கட்டாது. வெள்ளம் வந்த தெருவின் வாக்கும் மன்றத்தைத் தொடாது. இந்த நிலையில் மன்றம் குட்டையின் பக்கம் நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கு நிறைய நல்லெண்ணம் வேண்டும்.

தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு வீடு வேண்டாமா, குட்டையைக் காப்பாற்றினால் நிலம் எங்கே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வீடு விற்பவர்கள் என்றாலும் கேள்வி பொய்யல்ல. லயத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது மலிவு விலை வீடு. மலிவு நிலம் பெரும்பாலும் பள்ளமான நிலம். அங்கே வீடு கொடுப்பது கடனோடு வெள்ளத்தையும் சேர்த்துக் கொடுப்பது. அடமானத் தவணை முடியுமுன் மெத்தையும் குளிர்பெட்டியும் இரண்டு முறை போய்விட்டால் அந்த வீடு மலிவானதா? மேட்டு நிலத்தில் அடுக்குமாடியாக, நகரப் பேருந்து எட்டும் தூரத்தில் கட்டினால் குறைந்த நிலத்தில் அதிகப் பேரைக் குடியமர்த்தலாம். அதை மறுக்கும் காரணம் பொறியியலில் இல்லை, லாப விகிதத்தில் இருக்கிறது.

ஈப்போவிலும் பத்து காஜாவிலும் சுங்கை சிப்புட்டிலும் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளூர்த் திட்ட வரைவு தயாரானதும் ஊராட்சி மன்றம் அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எதிர்ப்பும் கருத்தும் தெரிவிக்கச் சட்டம் காலம் தருகிறது. கோயில் நிர்வாகக் குழுக்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், குடியிருப்போர் சங்கங்கள் அந்த வரைபடத்தைப் போய்ப் பாருங்கள். உங்கள் வட்டாரத்து ஈயக்குட்டைகளும் பழைய தோட்டத்து ஓடைகளும் அதில் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று கவனியுங்கள். வீட்டு மனைக்கான நிறத்தில் இருந்தால், நிலத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, அங்கே நீர் நிற்கும் நிழற்படத்தை இணைத்து, கெடு முடியுமுன் உங்கள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள்.